நாள் தவறாமல், மணி தவறாமல்: பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் முறை

இந்த ஜூனில் முதல் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தவர்களுக்கும், வேலை மாறித் திருநெல்வேலிப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் இது. சேர்க்கைக்கு அலைகிற அலைச்சலில் பாதியைக்கூட நம்மில் பலர் அனுப்புவதில் காட்டுவதில்லை. சேர்ப்பது ஒரு நாள் வேலை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாளும், ஆறு முதல் எட்டு வரை 220 நாளும் பள்ளி நடக்க வேண்டும். அத்தனை காலையும் பிள்ளையைக் கிளப்பி அனுப்புவது வீட்டின் வேலை.

பெரிய காய்ச்சலில் பத்து நாள் போவதை எல்லோரும் கவனிப்பார்கள். கவனத்துக்கு வராமல் போவது ஒற்றை நாள்கள்தான். ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்கு ஒரு நாள், கல்யாணத்துக்குப் பிந்திய மறுவீட்டு விருந்துக்கு ஒரு நாள், பஸ் போய்விட்டது என்று ஒரு நாள். இவற்றில் பெரும்பாலானவை முன்கூட்டியே தெரிந்தவை. தெரிந்ததற்கு முன்னேற்பாடு செய்யலாம். கீழே உள்ளதெல்லாம் அதற்கான வழிதான்.

கணக்கு எப்படிக் கூடுகிறது

மாதத்துக்கு இரண்டு நாள் லீவு என்றால் பத்து மாதத்தில் 20 நாள். 200 நாளில் அது பத்தில் ஒரு பங்கு. எட்டாம் வகுப்பு முடியும்போது 160 நாள் போயிருக்கும், அதாவது முக்கால் பள்ளி வருஷத்துக்கும் மேல். தாமதமும் அப்படித்தான். தினமும் 15 நிமிடம் பிந்தினால் 220 நாளில் 55 மணி நேரம். ஆறு முதல் எட்டு வகுப்புக்குச் சட்டம் சொல்லும் பாட நேரம் ஆண்டுக்கு 1,000 மணி, நாளுக்குச் சுமார் நாலரை மணி. ஆக 12 பள்ளி நாள் வாசலிலேயே கரைந்துவிடும்.

"விட்ட பாடத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்" என்பது சமூக அறிவியலுக்கு ஓரளவு சரி. கணக்குக்கும், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையான எழுத்துப் பயிற்சிக்கும் சரிவராது. கடன் வாங்கிக் கழிப்பதைச் சொல்லித்தந்த இரண்டு நாளும் பிள்ளை வரவில்லை என்றால், அடுத்த வாரம் மூன்று இலக்கக் கழித்தலில் அது முழிக்கும். அரசுப் பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பப் பயிற்சி நடக்கிறது. அடிக்கடி விடுகிற பிள்ளை மூளை குறைந்ததால் அரும்பிலேயே நிற்பதில்லை. நேற்றைய பயிற்சியின் தொடர்ச்சியாக இன்றைய பயிற்சி வருகிறது, நேற்று அது வகுப்பில் இல்லை.

தாமதத்துக்கு இன்னொரு குணம் உண்டு: அது லீவாக மாறும். பிந்திப் போன பிள்ளை வாசலில் நிற்கும், வகுப்பே திரும்பிப் பார்க்கும், ஒரு வார்த்தை திட்டும் கிடைக்கும். நாலு முறை இப்படி ஆனபின், நேரமாகிவிட்ட ஐந்தாம் நாள் "வயிறு வலிக்கு" என்று பிள்ளை படுத்துக்கொள்ளும். வருகைப் பதிவேட்டில் காலைக்கும் மதியத்துக்கும் தனித்தனிக் குறி உண்டு. அதனால் "இவ்வளவு நேரமாயிட்டே, இனி எதுக்கு?" என்று முழு நாளையும் விட வேண்டாம். பிந்தினாலும் அனுப்புங்கள், மதியமாவது வகுப்பில் இருக்கட்டும்.

சேர்த்த முதல் வாரத்தில் கேட்டுவைக்க வேண்டியவை

வகுப்பாசிரியரைப் பார்த்து இவற்றைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

1. முதல் மணி எத்தனைக்கு, வாசல் கதவு எத்தனைக்குச் சாத்துவார்கள், முதல் பாடவேளை என்ன பாடம்.
2. வர முடியாத நாளில் யாருக்கு, எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும். போனா, செய்தியா, கடிதமா.
3. காலை உணவு எத்தனை மணிக்கு.
4. உள்ளூர் விடுமுறைக்கு ஈடாக எந்தச் சனிக்கிழமை பள்ளி.

மூன்றாவதை லேசாக எடுக்க வேண்டாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது; தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று கொடுக்கிறார்கள். சாப்பாடு முதல் மணி அடிக்கும் முன்பே முடிந்துவிடும். அங்கே சாப்பிடட்டும் என்று வெறும் வயிற்றோடு அனுப்பி, பிள்ளையும் பிந்தினால், மதியம் வரை பட்டினிதான்.

நாலாவதில் ஏமாறுபவர்கள் நிறையப் பேர். ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாளாக அறிவிப்பார்கள். தேர் நினைவிருக்கும், சனிக்கிழமை மறந்துபோகும். அறிவிப்பு வந்த அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

அந்தக் காலண்டர்தான் முக்கியமான கருவி. கட்டம் போட்ட மாதக் காலண்டர் ஒன்றை அடுக்களைப் பக்கம் மாட்டுங்கள். வராத நாளுக்குச் சிவப்பு வட்டம், பிந்திய நாளுக்கு நீலக் கோடு, பக்கத்தில் ஒரே சொல்லில் காரணம்: பஸ், காய்ச்சல், கல்யாணம், தூக்கம். மாதக் கடைசியில் ஒரு பார்வை போதும். வட்டமெல்லாம் திங்கட்கிழமையில் விழுந்திருந்தால் ஞாயிறு இரவைக் கவனியுங்கள். ஒரு குறிப்பிட்ட பாடம் இருக்கிற கிழமையிலேயே வயிற்றுவலி வருகிறதென்றால் அதற்கு மருந்துக்கடை உதவாது.

முந்திய இரவு

காலைத் தாமதத்தில் பாதி இரவிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதின்ம வயதுக்கு 8 முதல் 10. காலை ஆறரைக்கு எழுப்ப வேண்டுமானால் சின்னப் பிள்ளை ஒன்பதுக்கெல்லாம் படுத்திருக்க வேண்டும். சீரியல் முடிந்து பெரியவர்கள் படுக்கிற நேரத்தில் பிள்ளையும் படுத்தால், "வெள்ளன எந்திரி" என்று காலையில் கத்திப் பயனில்லை.

படுக்கும் முன் பாட அட்டவணையைப் பார்த்துப் பையை அடுக்குவது, அடையாள அட்டையையும் பஸ் பாஸையும் பைக்குள் போடுவது, பென்சில் சீவுவது, செருப்பையோ ஷூவையோ வாசல் பக்கம் சேர்த்து வைப்பது, இவை பிள்ளையின் வேலை. ஏழு வயதில் செய்ய முடியும். முதல் இரண்டு வாரம் பக்கத்தில் நின்று செய்யச் சொல்லுங்கள். நீங்கள் செய்துகொடுத்தால் எட்டாம் வகுப்பு வரை நீங்கள்தான் செய்வீர்கள்.

சீருடைக்குத் தனி யோசனை தேவை. ஞாயிறு மொத்தமாகத் துவைக்கிற வழக்கம் ஐப்பசி, கார்த்திகையில் காலை வாரும். இரண்டு நாள் அடைமழை போதும், ஒன்றும் காயாது. மழைக்காலத்தில் பள்ளி விட்டு வந்ததும் அன்றைய சீருடையை அலசி, நன்றாகப் பிழிந்து, ஃபேனுக்கடியில் கொடி கட்டி விரித்துவிடுங்கள். கைமடிப்பும் இடுப்புப் பட்டையும்தான் கடைசியில் காயும். உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போடுங்கள். ஒரு செட் எப்போதும் காய்ந்து மடித்திருக்க வேண்டும். ஈரச் சட்டையால் ஒரு நாள் வீட்டில் வைப்பதைவிட, ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வேறு சட்டையில் அனுப்புவது மேல்.

காலை

மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பள்ளி 9.15 என்று வைத்துக்கொள்வோம். 9 மணிக்கு வாசலுக்குள் இருக்க வேண்டும். பஸ்ஸில் 25 நிமிடம் என்றால் 8.30-க்குப் புறப்படுகிற பஸ். நிறுத்தத்தில் 8.20. வீட்டிலிருந்து நடை பத்து நிமிடம், 8.10-க்குச் செருப்பு மாட்ட வேண்டும். சாப்பாட்டுக்கு 20 நிமிடம். குளித்து உடுத்த 30. எழுந்து பல் தேய்த்து வெளிக்குப் போக 30. ஆக 6.50. இதில் 20 நிமிடம் கூட்டி ஆறரைக்கு எழுப்புங்கள். காணாமல் போன சாக்ஸுக்கும் கையெழுத்துப் போடாத டைரிக்கும் அந்த 20 நிமிடம் சரியாக இருக்கும். பெண்பிள்ளைக்கு இரட்டைச் சடை பின்ன வேண்டுமானால் இன்னும் பத்து நிமிடம். காலைக்கடனை வீட்டிலேயே முடிக்க நேரம் கொடுங்கள். அவசரமாகக் கிளம்பும் பிள்ளை நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருக்கும். மறுநாள் வயிற்றுவலி உண்மையாகவே வரும்.

நகருக்குள் இருப்பவர்கள் கவனிக்க: ஜங்ஷன், வண்ணார்பேட்டை, டவுன் ரத வீதிகள், பாளையங்கோட்டைப் பள்ளித் தெருக்கள் எல்லாம் எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை நெரிசல்தான். எட்டேகாலுக்குப் புறப்பட்டால் பத்து நிமிடத்தில் போகிற தூரத்துக்கு எட்டே முக்காலுக்குப் புறப்பட்டால் அரைமணி ஆகலாம். சேர்த்த வாரத்தில் ஒரு பள்ளி நாளன்று அதே நேரத்தில் வழியை ஓட்டிப்பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டுக் கணக்குப் போட வேண்டாம்.

பஸ் போய்விட்டால்

கிராமத்தில் காலைக்கு ஒரே டவுன் பஸ்தான் என்றால் மாற்று வழியை முன்பே பேசிவையுங்கள். அதே பள்ளிக்குப் பிள்ளையைப் பைக்கில் விடுகிறவர் யார், மினி பஸ் எத்தனைக்கு, ஷேர் ஆட்டோ எந்த விலக்கில் நிற்கும் என்று மூன்றையும் எழுதி வையுங்கள். பள்ளி திறந்த புதிதில் புது பாஸ் கைக்கு வராத நாள்களில் சீருடையோடோ பழைய பாஸோடோ அரசுப் பேருந்தில் இலவசமாகப் போகலாம் என்று ஆண்டுதோறும் அறிவிப்பு வருகிறது. பாஸ் இல்லையென்று வீட்டில் வைக்க வேண்டியதில்லை.

பஸ் நிறைந்து வந்து நிற்காமலே போவது தினப்படி ஆனால், கண்டக்டரோடு சண்டை போட்டுப் பயனில்லை. எந்த நிறுத்தம், எத்தனை மணி, எத்தனை பிள்ளைகள், எந்தெந்தத் தேதி என்று இரண்டு வாரத்துக்கு எழுதி, பெற்றோரும் இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் கொடுங்கள். தேதியும் எண்ணிக்கையும் உள்ள மனுவைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். அடுத்தது திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். மனு கொடுக்கப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். அன்றும் பள்ளி உண்டு.

கொடை, கல்யாணம், சடங்கு

நம் சீமையில் இதுதான் பெரிய பகுதி. கொடை விடிய விடிய நடக்கும். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சாமக்கொடை என்று பிள்ளை தூங்காது, தூங்கவும் விடாது. கொடைக்குப் போக வேண்டாம் என்று சொல்வது நடக்கிற காரியமில்லை, சொல்லவும் கூடாது. செய்யக்கூடியது ஒன்றுண்டு: கால் நாட்டியதுமே தேதி தெரிந்துவிடும். மறுநாள் பரீட்சை இருக்கிறதா என்று பாருங்கள். எந்த வேளை பிள்ளைக்கு வேண்டும் என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சாயங்காலம் போய்ப் பொங்கலும் மேளமும் பார்த்துவிட்டுப் பத்து மணிக்கு ஆச்சியோடு வீட்டுக்கு அனுப்பிவிடலாம். முழு இரவும் இருந்தே ஆக வேண்டுமென்றால், மறுநாள் மதிய வேளைக்காவது அனுப்புங்கள். நம் ஊர்க் கொடை ஒரு நாள்; அம்மா ஊர், அத்தை ஊர், பெரியம்மா ஊர் என்று நாலு ஊர்க் கொடையும் சேரும்போதுதான் வாரம் போகிறது. வெளியூர்க் கொடைக்குப் பெரியவர்கள் மட்டும் போய் வரலாம்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடும்பத்தோடு குடில் போட்டுத் தங்குகிறவர்கள் உண்டு. சில நாள் முன்பே போய்த் தங்குவதும் அமாவாசை அன்று மட்டும் போய்வருவதும் பிள்ளைக்கு இரண்டு மூன்று நாள் வித்தியாசம். குலசை (குலசேகரன்பட்டினம்) தசரா சில ஆண்டுகளில் காலாண்டு விடுமுறையோடு ஒத்து வரும், சில ஆண்டுகளில் வராது. பிள்ளைக்கு வேஷம் போட நேர்ந்துகொள்ளும் முன் காலண்டரைப் பாருங்கள்.

கல்யாணத்தில் முகூர்த்தத்தைவிட மறுவீடுதான் நாளைத் தின்கிறது. மறுவீட்டில் போடும் சொதிச் சாப்பாட்டுக்காக (தேங்காய்ப்பால் குழம்பு) ஒரு பள்ளி நாள் போவது எங்கள் பார்வையில் அதிகம்தான், சொதி எவ்வளவு ருசியானாலும். நெருங்கிய உறவு என்றால் ஒரு நாள் என்று வீட்டில் வரம்பு வையுங்கள்.

சடங்கு விஷயத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். பெண்பிள்ளை சமைந்தால் ஒன்பது நாள், பதினோரு நாள், பதினாறு நாள் என்று வீட்டில் உட்கார வைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடையில், கணக்கில் இயற்கணிதம் தொடங்குகிற காலத்தில், இரண்டு வாரப் பள்ளி போகிறது. உடல்நலத்தைப் பார்த்தால் இவ்வளவு நாள் வீட்டிலிருக்கத் தேவை இல்லை. வலியோ சோர்வோ இருந்தால் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு பள்ளி. தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதை வீட்டோடு முடித்து, பந்தல் போட்டு ஊரைக் கூட்டும் விசேஷத்தை மே மாதத்துக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ தள்ளிவைக்கலாம். இப்போது பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்குப் பிறகு மாதந்தோறும் ஓரிரண்டு நாள் நிற்பதும் சேர்ந்துகொண்டால் வருஷத்துக்கு 20 நாள் வரை போகும். அரசின் புதுயுகம் திட்டத்தில் பள்ளியிலேயே நாப்கின் கொடுக்கிறார்கள். பையில் எப்போதும் இரண்டு நாப்கினும், ஒரு மாற்று உள்ளாடையும், பழைய செய்தித்தாளும் இருக்கட்டும். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, தாழ்ப்பாள் இல்லை என்பதற்காகப் பிள்ளை நிற்கிறதா என்று அம்மாவோ அக்காவோ கேட்டால்தான் சொல்லும். அப்படியானால் மேலாண்மைக் குழுவில் முதலில் பேச வேண்டிய விஷயம் அதுதான்.

வீட்டுத் தொழில்

முக்கூடல், அம்பாசமுத்திரம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில், கடையில் கணக்குக் கொடுக்கிற நாளுக்கு முந்திய இரவு மூத்த பெண்பிள்ளை இலை வெட்டவும் மடக்கவும் உட்காரும். மறுநாள் வகுப்பில் தூங்கும் அல்லது வீட்டிலேயே நிற்கும். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும் என்பது உண்மைதான். அதை ஒரு நாள் முன்னதாகவே பெரியவர்கள் ஈடுகட்டத் திட்டமிட வேண்டும். கைக்குழந்தையைப் பார்க்க அக்காவை நிறுத்துவது இன்னும் பரவலானது. இரண்டு வயது முடிந்த குழந்தையை அங்கன்வாடியில் விடலாம். அதற்கும் சின்னது என்றால் பக்கத்து வீட்டில் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

திசையன்விளை, இராதாபுரம் பக்கம் பனையேறும் குடும்பங்களும், செங்கல் சூளைக்குப் போகிறவர்களும் சீசனுக்கு ஊர் மாறுகிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது இவர்கள் பிள்ளைகள் பனை விளையிலும் (தோப்பிலும்) சூளையிலும் இருக்கும். பிள்ளையை ஆச்சி வீட்டில் விடலாம். அரசு நல விடுதியில் இடம் கேட்கலாம். இல்லையேல் போகிற இடத்துப் பள்ளியில் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்று சொல்லிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது சட்டம்.

மழையும் காய்ச்சலும்

மழை விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிப்பார். வாட்ஸ்அப்பில் வருவது போன வருஷத்துப் படமாகவும் இருக்கும். தேதியைப் பார்த்து, வகுப்பாசிரியர் குழுவில் உறுதி செய்துகொள்ளுங்கள். விடுமுறை இல்லாவிட்டாலும் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் அனுப்ப வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருகைப் பதிவு அதற்கு அப்புறம்தான்.

லேசான சளிக்கும் மூக்கொழுகலுக்கும் தலைப்பேனுக்கும் வீட்டில் வைக்க வேண்டாம். காய்ச்சல் என்றால், மாத்திரை கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்று ஆனபின் அனுப்புங்கள். காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வரும், பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கும் ஒட்டியிருக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு நின்று ஒரு நாளாவது ஆக வேண்டும். அம்மை போட்டால் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை வீட்டில் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றும் நாள் அதற்கு முன் வந்தாலும் பொருக்கைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ஆதார் கைரேகை புதுப்பிப்பு, வங்கிக் கணக்கு, பல் டாக்டர் எல்லாவற்றையும் சனிக்கிழமைக்கோ பள்ளி விட்ட பிறகோ வையுங்கள்.

"போக மாட்டேன்" என்றால்

அடிக்கு முன் கேள்வி. யார் பக்கத்தில் உட்காருகிறது, இடைவேளையில் யாரோடு இருக்கிறது, பஸ்ஸில் என்ன நடக்கிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். "பள்ளிக்கூடம் எப்படி இருக்கு?" என்றால் "நல்லாருக்கு" என்றுதான் வரும். கரும்பலகை தெரியாமலும் பிள்ளை பள்ளியை வெறுக்கும். அரசுப் பள்ளிகளில் கண் பரிசோதித்து இலவசக் கண்ணாடி கொடுக்கும் திட்டம் இருக்கிறது. அடியோ தொந்தரவோ தெரியவந்தால் தலைமையாசிரியர், அதற்கு மேல் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவிக்கு 1098. காரணம் தேடுகிற நாள்களிலும், பயம் உண்மையாகப் பெரிதாக இல்லாவிட்டால், பள்ளிக்கு அனுப்பிக்கொண்டே தேடுங்கள். ஒரு வாரம் வீட்டில் நின்றபின் திரும்பப் போவது முதலில் போனதைவிடக் கடினம்.

விட்ட பாடம், நீண்ட இடைவெளி

லீவு கடிதத்தில் தேதி, காரணம், திரும்பும் நாள் மூன்றும் இருந்தால் போதும். பொய்க் காரணம் வேண்டாம், பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. திரும்பிய அன்று எல்லா நோட்டையும் நகல் எடுக்க உட்கார வைக்காதீர்கள். முதலில் கணக்கு, அதிலும் செய்துகாட்டிய மாதிரிக் கணக்கு இரண்டு, அடுத்து மொழிப்பாடம். மற்றவை வார இறுதியில்.

சிபிஎஸ்இ பள்ளியில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை கட்டாயம். மாதக்கணக்கில் நின்றுபோன பிள்ளையாக இருந்தாலும், எட்டாம் வகுப்பு முடியும் வரை பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது, சட்டம் தடுக்கிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சியும் கேட்கலாம். குறைந்தது மூன்று மாதம், தேவைப்பட்டால் இரண்டு ஆண்டு வரை. தலைமையாசிரியரைப் பார்க்கப் போகும்போது பிள்ளையின் எமிஸ் எண் (ஒவ்வொரு மாணவருக்கும் கல்வித் துறை தரும் எண்), பிறப்புச் சான்று, பழைய பள்ளியின் பெயர் இருந்தால் போதும். சான்று எதுவும் கையில் இல்லாவிட்டாலும் போங்கள். வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது.

அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு நடுவில் மாற்ற நினைப்பவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு வருஷம் வெளியே போய் வந்தாலும் அந்த வாய்ப்பு போகும்.